அப்பாவின் கையெழுத்துக்கு மேலே

நீட்டிய பெங்காலிக் கடிதத்தில் அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் இருபத்தாறு வருஷ வேலை. பெங்காலி நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. பவானிபூரில் என் கல்லூரியின் பிரின்சிபால் மேடம், "சும்மா ஃபார்மாலிட்டி, தாதா" என்று அண்ணன் முறை வைத்து இனிக்க இனிக்கச் சொன்னதும் நம்பிவிட்டார்.

"நீயும் போட்டுரும்மா பிரபா. நாளைக்குப் பரீட்சை. அட்மிட் கார்ட வாங்கிட்டுக் கெளம்பலாம்."

கார்டு மேடத்தின் கைக்கடியில் இருந்தது.

லேபில் என்னை மறித்துக் கையைப் பிடித்து இழுத்த வாத்தியார்மேல் நான் கல்லூரியில் புகார் கொடுத்திருந்தேன். வீட்டில், ஏதோ தகராறு என்று மட்டும் சொல்லியிருந்தேன். லேக் கார்டன்ஸில் சனிக்கிழமைதோறும் ஐந்து பேர் கூடிப் படிப்போம்; நாலு பெண்கள், ஆண் பெண் என்ற இரண்டிலும் தன்னைச் சேர்க்காத அக்ஷய். செய்தியோ நோட்டீஸோ, எதைப் படித்தாலும் கேட்போம்: இதில் யார் பேசுகிறார்கள், யாரைப் பேசவிடவில்லை? எனக்கு நடந்ததை அங்கேதான் முதலில் எழுதி வாசித்தேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

கடிதத்தை எடுத்துப் படித்தேன். நான் எழுதியதுபோல யாரோ எழுதியிருந்தார்கள். வாத்தியாரின் பெயரே இல்லை.

"அப்பா, இதுல என்ன இருக்கு தெரியுமா? மார்க் கொறஞ்ச கோவத்துல நான் பொய்ப் புகார் குடுத்தேனாம், மன்னிக்கணுமாம். அதுக்குக் கீழதான் நீங்க சைன் பண்ணியிருக்கீங்க."

அப்பாவின் முகம் வெளிறிப் போயிற்று.

"கையெழுத்து இல்லாமல் கார்டு இல்லை" என்றார் மேடம்.

பயமாகத்தான் இருந்தது. ஒரு வருஷமே வீணாகிவிடும். ஆனாலும் அத்தனை வரிகளையும் கோடு போட்டு அடித்தேன். அப்பாவின் கையெழுத்துக்கு மேலே நாலு விரல் இடம் இருந்தது. அதில் வாத்தியாரின் பெயர், தேதி, அவர் செய்தது எல்லாவற்றையும் பெங்காலியில் எழுதி, என் கையெழுத்தையும் போட்டேன்.

மேடம் தாளைப் பிடுங்க எழுந்தார். அப்பா அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"என்னம்மா எழுதின?"

ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடத்திடம் பெங்காலியில், "கையெழுத்து என்னுதுதான். இப்பத் தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்" என்றார்.

மேடம் இறங்கி வந்தார். "மன்னிப்பு வேண்டாம். அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுக் கார்டை எடுத்துக்கொள்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்றதுதாம்மா."

தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்பா. பரீட்சைய அப்புறம் பாத்துக்கலாம்."