தோள்மேல் இருந்த கை

போட்டோவில் பின்னணியை மங்கலாக்குவது என்றால் ஏதோ ஒரு பட்டனைத் தட்டினால் ஆகிவிடுகிற வேலை என்று பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்தாலே தெரியும். ஆளைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டினமாதிரி ஒரு கோடு, அதற்கு அப்பால் எல்லாம் கலங்கின தண்ணீர். மாஸ்டருக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அவன் செய்கிற விதமே வேறு. படத்தின் மேல் அதே படத்தின் நகல் ஒன்றைப் போடுவான். நகலை முழுசாக மங்க அடிப்பான். அதன்மேல் ஒரு மாஸ்க். அதில் கறுப்பு இருக்கிற இடத்தில் மங்கல் ஒளிந்துகொண்டு அடியில் இருக்கும் தெளிவான படம் தெரியும்; வெள்ளை இருக்கிற இடத்தில் மங்கல் மட்டும்தான். கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சாம்பல் சாம்பலாக நகர்ந்து போகிற வழியில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. அந்த வழியை நீளமாக, அவசரமில்லாமல் இழுக்க வேண்டும். இழுத்துவிட்டால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெளிவு எங்கே முடிந்தது என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது.

ஸ்டுடியோ அக்கா புருஷனுடையது. கீழே கடை, மேலே வீடு. பத்தொன்பது வருஷமாக மாஸ்டர் அங்கே ஜன்னல் இல்லாத உள்ளறையில் உட்கார்ந்து மற்றவர்கள் மூஞ்சியைச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறான். வெளியே எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள், போகவில்லை. "அடுத்த கடை உன்னுதுதான் மச்சான்" என்று அத்தான் வாய் நிறையச் சொல்லியிருந்தார். ஒரு தடவை இல்லை, நூறு தடவை. இப்போது அந்த அடுத்த கடை நிஜமாகவே பெரிய சாலையில் எழும்பிவிட்டது. கண்ணாடிக் கதவு, வெள்ளை விளக்கு, உள்ளே நுழைந்ததும் எட்டடிக்கு ஒரு வெறும் சுவர். சாவி யார் கைக்குப் போகும் என்பதுதான் பாக்கி. அந்தச் சுவரைப் பார்த்ததிலிருந்து மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்து கிடந்தது, பாவம்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அத்தான் உள்ளறைக்கு வந்து ஒரு பழைய போட்டோவைக் கொடுத்தார்.

"முதல் கடை திறந்த அன்னைக்கு எடுத்தது. அந்தச் சுவத்துக்கு இதான். பார்க்கிறவன் கண்ணு நேரா என் மேல விழணும் மச்சான். சுத்தி எல்லாம் மெதுவா மங்கிடணும்."

மாஸ்டர் ஸ்கேன் பண்ணித் திரையில் பெரிதாக்கினான். நடுவில் அத்தான், தலை நிறைய முடியோடு. இடப்பக்கம் அக்கா. வலப்பக்கம் இருபத்திரண்டு வயசு மாஸ்டர், அத்தானின் தோளில் கை போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைத் துணிக்கட்டு. முந்தின நாள் பிரிண்டிங் மெஷினை ஏற்றும்போது படிக்கட்டுச் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் விரல் மாட்டி நசுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விடிந்ததும் கடை திறக்க முடியாது என்று அத்தான் கையைப் பிசைய, அக்காதான் பழைய துணியைக் கிழித்துக் கட்டினாள். எலும்பு தாறுமாறாகக் கூடிவிட்டது. இன்றைக்கும் அந்த விரல் மவுஸில் உட்காராது. மாஸ்டர் நடுவிரலால்தான் கிளிக் பண்ணுவான்.

முதல் தடவை, தெருவில் வேடிக்கை பார்த்தவர்களையும் பக்கத்துக் கடைப் பலகையையும் மங்க அடித்துக் காட்டினான். அத்தான் தாடையைத் தடவினார்.

"பிரமாதம். இன்னும் கொஞ்சம் உள்ள வரலாமே. வலப்பக்கம்."

வலப்பக்கம் இருந்தது மாஸ்டர். கோட்டை உள்ளே இழுத்தான். அவனுடைய காதும் வெளிப்பக்கத் தோளும் கரைந்தன.

மறுநாள், "நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் கண்ணு அந்தச் சிரிப்புல போய் நிக்குது பாரு. இன்னும் ஒரு இழுப்பு."

சிரிப்பும் போனது. அக்கா பக்கம் ஒரு நூல் நகரச் சொல்லவில்லை என்பதை மாஸ்டர் கவனிக்காமல் இல்லை. கவனித்துவிட்டு, 'போட்டோ வேற, கடை வேற' என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். இதில் கொடுமை என்னவென்றால், வேலையைக் கெடுக்கவும் அவனுக்குக் கை வரவில்லை. தன் மூஞ்சி கரைகிற இடத்திலும் சாம்பலை அவ்வளவு பதமாக இழுத்திருந்தான்.

நாலாம் நாள் அத்தான் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் கொழுந்தன். முதல் கடை திறந்த வருஷம் அவன் எங்கேயோ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஸ்டுடியோ பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. போன வருஷம் பார்த்த வேலை போய், இப்போது அண்ணன் நிழலில் வந்து ஒதுங்கியிருக்கிறான். கையில் அவனுடைய கல்லூரிக் காலத்துப் போட்டோ.

"அந்த மங்கின இடம் சும்மாதானே கெடக்கு" என்றார் அத்தான், திரையைப் பார்த்துக்கொண்டே. "அங்க தம்பியை நிப்பாட்டிடு. குடும்பக் கடைன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்ல."

"அங்க நான் இருக்கேன் அத்தான்."

"நீ இல்லாமயா? பின்னாடி இருக்கியே."

கொழுந்தன் குனிந்து திரையைப் பார்த்தான். "ரொம்பக் கருப்பா விழுந்துடப் போறேன் மாஸ்டர், கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்றான்.

அடிமடியிலேயே கைவைத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. நேரே மாடிக்குப் போனான். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புதுக்கடை யாருக்கு?"

அவள் ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு மட்டும் எப்படிடா தெரியும்?"

"உனக்குத் தெரியும்."

"கத்தாத. கீழ கேக்கும். நீ வேலையைக் கெடுக்காம முடிச்சுக் குடு. நான் பேசுறேன்."

"எப்ப பேசுவ?"

"திறப்பு விழா அன்னைக்கு எல்லாரும் இருப்பாங்கல்ல? நாலு பேர் முன்னால சொன்னா அவரால தட்ட முடியாது. அக்கா இருக்கேன்டா."

அந்த ஒரு வார்த்தைக்கு மாஸ்டர் மறுபடி விழுந்தான். சின்ன வயசிலிருந்து அந்த வார்த்தைக்கு விழுந்தே பழக்கம்.

கொழுந்தனை வெட்டி ஒட்டினான். வெயில் விழுந்த பக்கத்தைத் திருப்பினான், நிழலை வரைந்தான், சட்டையின் வெள்ளையை அந்தக் காலத்து வெள்ளைக்குக் கொண்டுவந்தான். எல்லாம் பொருந்தியது. அத்தானின் தோளில் இருந்த கை மட்டும் மிச்சம். அது தோளோடு ஒட்டிக் கிடந்ததால் ஆரம்பத்திலிருந்தே தெளிவில் இருந்தது. அதை மங்க அடித்தால் அத்தானின் சட்டையும் சேர்ந்து மங்கிவிடும். எடுக்கவே முடியாதா என்றால், அரைமணி நேர வேலை. தோளை வரைந்து மூடிவிடலாம்.

மாஸ்டர் மூடவில்லை. கட்டுப் போட்ட விரலைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். துணியின் முடிச்சுகூடத் தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டான். எட்டடிச் சுவரில் இந்தத் துணிக்கட்டை ஒருத்தி பார்ப்பாள். பார்த்தால் பேசாமல் இருக்க அவளால் முடியாது. கொழுந்தனின் சட்டைக்கையை மட்டும் மணிக்கட்டுவரை நீட்டிச் சேர்த்து, அச்சுக்கு அனுப்பினான். அத்தான் பார்த்துவிட்டு, "கைகூட அப்படியே பொருந்தியிருக்கே!" என்று முதுகில் தட்டினார்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. கடை கொள்ளாத கூட்டம். கொழுந்தன் புதுக்கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றான். சாவிக்கொத்து அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டரை யாரோ யாரென்று விசாரித்ததற்கு அத்தான், "நம்ம சிஸ்டம் பார்க்கிற பையன்" என்றார். பையனுக்கு நாற்பத்தொரு வயசு.

மாஸ்டர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அந்தப் படத்துக்குப் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பார்வை தோளுக்குப் போய், விரலுக்குப் போய், அங்கே நின்றது. அவள் முகம் மாறினது மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தது. பார்த்துவிட்டாள். இனி சொல்லிவிடுவாள்.

விழாவுக்கு வந்திருந்த கலர் லேப்காரர் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்துக்கு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். தொழில்காரர், சின்னதெல்லாம் கண்ணில் படும்.

"அதென்ன தம்பி, விரல்ல கட்டு?" என்று கொழுந்தனைக் கேட்டார்.

கொழுந்தன் ஏறிட்டுப் பார்த்தான். ஒரு நொடி. ஒரே நொடிதான்.

"அதுவா? முந்தின நாள் மெஷின் ஏத்தும்போது நசுங்கிடுச்சு சார். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகலை. கடை திறக்கணுமே!"

வீட்டில் எத்தனையோ தடவை கேட்ட கதை அது. அச்சுப்பிசகாமல் சொன்னான்.

"அடேயப்பா! அண்ணனுக்காக ரத்தம் சிந்தின ஆளா நீங்க?" என்று லேப்காரர் அவன் முதுகில் ஒரு போடு போட்டார். சுற்றி நின்ற நாலு பேரும் படத்தைப் பார்த்தார்கள். அத்தான் தொண்டையைச் செருமினார். நாலு பேர் முன்னால் என்று அக்கா சொன்னாளே, அந்த நாலு பேர் இவர்கள்தான். மாஸ்டர் அவளைப் பார்த்தான். அவளும் கூட்டத்துக்கு மேலாக அவனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்தாள்.

லேப்காரர் அவள் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா? நெசமாவா?" என்றார்.

"ஆமா" என்றாள் அக்கா. "நான்தான் கட்டுப் போட்டேன்."

மாஸ்டர் கோணல் விரலைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்தான். அவளைப் பொய் சொன்னாள் என்றுகூடத் திட்ட முடியாது. கட்டுப் போட்டது அவள்தான்.