அரக்குப் புடவையில் இல்லாத கட்டம்

செவிலிமேட்டில் தன் வீட்டு முன்னறையையே கடையாக்கி, புவனேஸ்வரி தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யூடியூப் லைவில் பட்டுப்புடவை விற்றுவந்தாள். பேசுவது அவள். கேமராவையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்வது கணவன் தினகரன். அவன் திரையில் வரமாட்டான். வராதவனுக்கு ஏற்ற உடையில்தான் உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் நாமக்கல்லிலிருந்து அம்சவேணி என்கிற அம்மாள், வாங்கிய புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார். தான் கேட்டது கட்டம் போட்ட அரக்கு, வந்திருப்பது வெறும் அரக்கு என்று புகார். அப்படியொரு புடவை தன்னிடம் இருந்ததே இல்லை என்று புவனேஸ்வரி போனில் கொஞ்சம் காரமாகவே சொன்னாள். அம்சவேணி வாக்குவாதம் செய்யவில்லை. லைவிலிருந்து பிடித்த படம் ஒன்றை அனுப்பிவைத்தார். அதில் புவனேஸ்வரியே அந்தப் புடவையை உதறிப் பிடித்தபடி நிற்கிறாள். புடவை முழுக்க அழகழகாகக் கட்டம்.

"ஏங்க, இது எப்பங்க நம்மகிட்ட இருந்துச்சு?" என்று கணவனைக் கேட்டாள்.

தினகரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கட்டம் புடவையோடு நிற்கவில்லை. அவள் முழங்கையிலும் போட்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெபகுமாரை வரவழைத்தார்கள். அவன் விளக்கினான். இந்தப் பக்கத்து நெட்டில் அதிகம் அனுப்ப முடியாது. வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். அப்படிச் சுருக்குகிற முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். இங்கே ஓடுவது பழைய கோடெக். ஆள் சும்மா உட்கார்ந்து பேசினால் சமாளித்துவிடும், புடவையை உதறினால் திணறிப்போய்ப் படத்தைச் சில்லு சில்லாகப் போட்டுவிடும். ஏ.வி.ஒன் என்று புதிது வந்திருக்கிறது. அதே நெட்டில் பளிச்சென்று போகும். ஆனால் அந்தச் சுமையை இந்தக் கம்ப்யூட்டர் தாங்காது, அதைச் செய்யவென்றே சிப் உள்ள புது கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும்.

கார்டு போட்டார்கள். லைவ் சாஃப்ட்வேரைத் திறந்தால், கோடெக் வரிசையில் பழையது மட்டும்தான் இருந்தது. ஜெபகுமார் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். மறுபடியும் கழற்றினான். கடைசியில்தான் சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன் என்று பார்த்தான். அப்படியொரு கார்டு உலகத்தில் வரப்போகிறது என்பதே தெரியாத காலத்து வெர்ஷன் அது. அப்டேட் செய்யட்டுமா என்று அது கேட்டபோதெல்லாம் தினகரன் 'பிறகு' என்பதையே அமுக்கிவந்திருந்தான்.

அமுக்கினால் செட்டிங் எல்லாம் போய்விடும் என்பது அவன் பயம். இப்போது இருக்கிற செட்டிங்கில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்டு, நாற்காலியோடு அவனை ஒதுக்கிவிட்டுப் புவனேஸ்வரி தானே அமுக்கினாள். எதுவும் போகவில்லை. வரிசையில் ஏ.வி.ஒன் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் லைவில் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. பின்னால் இருந்த நிலைக்கண்ணாடியும் தெரிந்தது. அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதிரசம் தின்கிற தினகரனும் தெரிந்தான். அதிரசம் விற்பனைக்கா என்று இரண்டு பேர் கேட்டார்கள். மற்றவர்கள் கேட்டது வேறு. அன்றைக்குக் காட்டிய கட்டம் போட்ட அரக்கு எங்கே? அம்சவேணி மட்டுமல்ல, இன்னும் பலர் அதற்காகவே காத்திருந்தார்களாம். படம் தெளிய வேண்டும் என்று இத்தனை பாடுபட்டவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டும் அண்ணன் கைலாசத்திடம் அம்சவேணி அனுப்பிய படத்தைக் கொண்டுபோய்க் காட்டி, இதே மாதிரி நெய்து தரச் சொன்னாள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று கருப்போடியது, ஒன்று வெளுத்தது. இப்படிக்கூடக் கட்டம் உண்டா என்று அவர் சலித்துக்கொண்டார். தங்கை கேட்டாளே என்றுதான் ஆரம்பித்தார். டிசைன் தறியில் ஏறியதும் அவருக்கே அதில் பிடிப்பு வந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை என்று அண்ணி குறைப்பட்டாள். புடவை கைக்கு வந்ததும் புவனேஸ்வரி அதை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

லைவில் அதை உதறிக் காட்டினாள். உடனே கீழே எழுதத் தொடங்கினார்கள். படம் உடையுது. நெட்டைப் பாருங்க அக்கா. ஒண்ணுமே தெரியலை.

தினகரனுக்குப் புடவை எதிரிலேயே இருந்தது. இருந்தும் அத்தனை பேர் சொல்லவே, பதறிப்போய் ஜெபகுமாருக்குப் போன் போட்டான். கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஜெபகுமாரும், ஆமாம், பயங்கரமாக உடைகிறது, பழைய கோடெக்குக்கே மாற்றிவிடுங்கள் என்றான். தினகரன் கை மவுஸுக்குப் போனது.

"கையை எடுங்க," என்றாள் புவனேஸ்வரி.

புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கேமரா அருகே வந்து குனிந்தாள்.

"என் மூஞ்சி நல்லா தெரியுதா? தோட்டுக் கல்லு தெரியுதா? அப்ப நெட்டு நல்லாத்தான் இருக்குது. புடவைதாம்மா அப்படி."

முதலில் அம்சவேணி எழுதினார்: அதுவேதான், எனக்கு எடுத்து வையுங்கள். அவருக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள். அதே மாதிரி பச்சையில் உண்டா, நீலத்தில் உண்டா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது.

சாயங்காலம் ஜெபகுமார் பைக்கில் வந்து இறங்கினான். புடவையை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பார்த்தான். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. தன் வீட்டுக்காரிக்கு நீலம்தான் பிடிக்கும் என்று மட்டும் சொன்னான்.

புவனேஸ்வரி அண்ணனுக்குப் போன் செய்தாள். நீலத்துக்கும் பச்சைக்கும் படம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.

"படமெல்லாம் வேணாம்மா," என்றார் கைலாசம். "எப்படி உடைக்கணும்னு எனக்குப் பிடிபட்டுப் போச்சு."