தனியாக வருபவர்கள் வரிசை

அன்றைக்கு நடந்ததை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கம்பி கீழே இறங்கியதற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவில் ஐந்து நிமிடம் போனதாக என் ஞாபகம். அப்படி இருக்க வழியில்லை. அந்த வண்டிகள் ஒரு நிமிடத்துக்கு ஒன்று கிளம்புபவை. வரிசையைப் பார்த்துக்கொண்ட ஊழியரின் சட்டை மஞ்சள் என்கிறேன் நான். பச்சை என்கிறான் என் தம்பி. அவர் பெயர் ஹஸன் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை.

வேளச்சேரியில் ஒரு மாலின் நான்காவது மாடியில் இருந்த விளையாட்டுப் பூங்கா அது. ஐந்து பேர் போயிருந்தோம். நான், என் தம்பி பாலகணேஷ், அவனுக்குப் பேசி முடித்திருந்த அனுப்ரியா, அவள் அண்ணன் ராம்குமார், அவர் மனைவி. ஆவணியில் நிச்சயம் வைத்திருந்தோம். அதற்குள் ஒருநாள் வெளியே போய்வந்தால் இரண்டு பேரும் கொஞ்சம் பழகிக்கொள்வார்கள் என்று ராம்குமார்தான் சொன்னார்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பாலகணேஷுக்கு வலிப்பு நோய். பதினான்கு வயதில் தொடங்கியது. மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. கடைசியாக வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. "கல்யாணம் முடிஞ்சு மெதுவாச் சொல்லிக்கிடலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். "இப்பச் சொன்னா நம்ம ஜனத்துல ஒருத்தன் பொண்ணு தரமாட்டான்." அம்மா மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொள்வதுதான் அன்று என் வேலை.

வந்ததிலிருந்து இரண்டு ராட்டினங்களைத் தலைவலி என்று சொல்லி அவன் தவிர்த்துவிட்டான். மூன்றாவது, சுரங்கத்துக்குள் ஓடும் கோஸ்டர். சின்னச் சின்ன வண்டிகள், வண்டிக்கு இரண்டு பேர். சுரங்கத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வெள்ளை வெளிச்சம் படபடவென்று வெட்டி வெட்டி அடித்தது. டாக்டர் அவனுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது என்று சொல்லியிருந்தார். ஒன்று தூக்கம் கெடுவது. இன்னொன்று இப்படி மின்னும் வெளிச்சம். முந்தின இரவு அவன் சரியாகத் தூங்கவில்லை என்பதை அவன் கண்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நுழைவில் ஒரு பலகை. யார் யார் ஏறக்கூடாது என்று பத்துப் பன்னிரண்டு வரிகள். மூன்றாவது வரியில் வலிப்பு நோய். அதை யாரும் படித்துவிடக்கூடாதே என்று அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"என்ன மாப்ள, இதுக்கும் தலைவலியா?" என்று ராம்குமார் சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார். "உடம்புக்கு ஏதும் செய்யுதா? இருந்தாச் சொல்லுங்க."

பாலகணேஷ் என்னைப் பார்த்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன் நான். "இவ்வளவு நேரம் எனக்குத் துணையா நின்னான். இதுக்கு வருவான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், பக்கத்தில் இன்னொரு வரிசையைப் பார்த்திருந்தேன். தனியாக வருபவர்களுக்கான வரிசை. ஒற்றைப்படையாக வரும் கூட்டத்தில் ஓர் இருக்கை காலியானால் அந்த வரிசையிலிருந்து ஓர் ஆளை எடுத்து நிரப்புவார்கள். யாரோடு உட்காருவோம், எந்த வண்டி என்று கேட்க முடியாது. வேண்டாம் என்றால் ஏறாமல் வெளியே போகப் பக்கவாட்டில் ஒரு கதவும் இருந்தது. தனி வரிசையில் நின்ற ஒருவன் ஏறினானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

"நிச்சயத்துக்கு முன்னாடி இருட்டுல ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார வேண்டாம். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் ஏசுவாங்க" என்றேன். "அனு என்கூட வரட்டும். நீங்க ரெண்டு பேரும் ஒரு வண்டி. பாலா அந்த சிங்கிள் லைன்ல வரட்டும்."

"மைனி, எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று அனுப்ரியா என் கையில் லேசாகத் தட்டினாள். ஆனாலும் என்னோடு வந்தாள்.

பாலகணேஷைத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னேன். "நாங்க உள்ள போறவரைக்கும் நில்லு. அப்புறம் அந்தக் கதவு வழியா வெளிய போயிடு. இறங்குற இடத்துல வந்து நின்னுக்கோ. சூப்பரா இருந்துச்சுன்னு சொல்லு, போதும்."

"பொய்யா வந்துக்கிட்டே இருக்குக்கா" என்றான்.

"ஆவணி வரைக்கும்தான்."

எங்கள் வரிசை மெதுவாக நகர்ந்தது. அவன் வரிசை வேகமாக நகர்ந்தது. அதை நான் யோசித்திருக்கவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே அவன் முனைக்கு வந்துவிட்டான். பின்னால் நின்ற கல்லூரிப் பையன்களை "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் விட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை ஹஸனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இன்னா சார், கல்யாணப் பந்தியா இது? ஏறுறியா இல்லியா?"

"பிரெண்ட்ஸ் வராங்க..."

"சிங்கிள் லைன்ல இன்னா சார் பிரெண்ட்ஸு?"

கூட்டம் சிரித்தது. ராம்குமாரும் சிரித்தார். அவரும் மனைவியும் ஏறி உட்கார்ந்தார்கள். அடுத்த வண்டி எங்களுடையது. அனுப்ரியா ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் காலைத் தூக்கி வைக்கும்போது ஹஸன் கையை நீட்டித் தடுத்தார்.

"யக்கா, சாரி கட்டிக்கினு ஏறக்கூடாது. சக்கரத்துல மாட்டிக்கும். வாசல்ல போர்டு கீதே, பார்க்கல?"

பார்த்தேன். ஒரே ஒரு வரியைத்தான் பார்த்தேன்.

"கெட்டியா இழுத்துச் சொருகிக்கிறேன்."

"ஐயோ, என் வேலை போய்டும்கா. தள்ளி நில்லு." அவர் தனி வரிசைப் பக்கம் திரும்பினார். "லேடீஸ் சிங்கிள் யாருனா கீறீங்களா? லேடீஸ்!" யாரும் இல்லை. பஸ் கண்டக்டர் போல அனுப்ரியாவிடம் குனிந்தார். "ஜென்ட்ஸ்தாம்மா இருக்காங்க. தெரியாத ஆளப் பக்கத்துல உக்கார வெச்சா உங்க வூட்ல என்னை அடிப்பாங்க. தனியாப் போறியா?"

"அவர் தெரியாத ஆள் இல்லைங்க" என்றாள் அனுப்ரியா. முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க பாலா."

முன் வண்டியிலிருந்து ராம்குமார் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார். "மாப்ள, அடிச்சது யோகம்!" அந்த வண்டி கிளம்பியது. சுரங்கத்தின் கதவு திறந்து வெளிச்சம் வெட்டியது. என் தம்பி அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

பக்கவாட்டுக் கதவு அவனுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. அவன் போயிருக்கலாம். போகவில்லை. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஹஸன் கம்பியை இறக்கி ஒருமுறை உலுக்கிப் பார்த்தார்.

நான் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பாலகணேஷ் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான். வேண்டாம் என்பதுபோல ஒரு சின்ன அசைவு. சொல்லாதே என்கிறான் என்று புரிந்தது. அனுப்ரியா அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் உதடு மட்டும் சிரித்தது. கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்தன. வந்தால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் இடதுகைக் கட்டைவிரல் உள்ளே மடங்கும். பிறகு அவன் அவனாக இருக்கமாட்டான். அதை இருட்டில், ஓடுகிற வண்டியில், ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் நினைத்துப் பார்த்தேன். வராமலும் போகலாம். பதினோரு மாதம் வரவில்லையே. வராமல் போனால் ஆவணியில் நிச்சயம்.

ஹஸன் கண்ணாடி அறையில் இருந்தவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

"நிறுத்துங்க" என்றேன். "அவனுக்கு வலிப்பு இருக்கு."

ஹஸன் உடனே கையைக் குறுக்கே ஆட்டினார். கம்பி மேலே போனது. பாலகணேஷ் அசையவில்லை. ஹஸன் அவன் தோளைத் தொட்டு, முன்பு பேசிய குரலில் இல்லாமல், "எறங்கு நைனா, பரவால்ல" என்றார். அவன் இறங்கினான். அனுப்ரியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் இறங்குவாள் என்று நினைத்தேன். பின்னால் நூறு பேர் காத்திருந்தார்கள். தெரியாத ஆள் வேண்டாம் என்று தான் சொன்னதையே மறந்து, "அடுத்த சிங்கிள்!" என்று ஹஸன் கத்தினார். ஒரு கல்லூரிப் பையன் ஓடிவந்து என் தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தான். கம்பி இறங்கியது. வண்டி போய்விட்டது.

இறங்கும் இடத்தில் நானும் பாலகணேஷும் நின்றோம். ராம்குமாரும் மனைவியும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, எங்கள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். பின்னாலேயே அனுப்ரியா வந்தாள். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு நேராக அவனிடம் வந்தாள்.

"எத்தனை வருஷமா?"

"பதினாலு வயசுல இருந்து."

"என்னது? என்ன பதினாலு வயசு?" என்றார் ராம்குமார்.

"அண்ணா, கொஞ்சம் இரு." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு மாசமா தினம் போன்ல பேசுறோம். எனக்குப் பல்லி பயம்னு நான் சொன்னதுலேருந்து எல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"அப்பா சொல்ல வேண்டாம்னாங்க."

"அதை விடுங்க. இப்ப, மைனி வாயத் திறக்கலேன்னா நீங்க அப்படியே வந்திருப்பீங்களா?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இல்லை என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அன்று அவன் நிறையப் பொய் சொல்லியிருந்தான்; இன்னும் ஒன்று சொல்லியிருக்கலாம்.

"வந்திருப்பேன்" என்றான்.

"உள்ள வெச்சு வலிப்பு வந்திருந்தா நான் என்ன செய்வேன்? எனக்கு ஒண்ணும் தெரியாதே. பக்கத்துல நான்தானே இருந்தேன்?"

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நோயைப் பற்றி அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ராம்குமார்தான் கேட்டார், சத்தமாக, என்னிடம். கேட்டதெல்லாம் நியாயம் என்பதால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர்கள் மூவரும் லிப்டில் இறங்கிப் போனார்கள். நானும் பாலகணேஷும் பறக்கும் ரயிலில் மந்தைவெளி வந்து சேர்ந்தோம்.

நிச்சயம் நடக்கவில்லை. ராம்குமார் காரணத்தை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. ஜாதகத்தில் ஏதோ இடிப்பதாக மட்டும் சொல்லியிருக்கிறார். அனுப்ரியா கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. பிறகு பேசினார், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. பாலகணேஷுக்கு அதற்கப்புறம் இரண்டு முறை வலிப்பு வந்தது, ஒருமுறை தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடையில், வாடிக்கையாளர்கள் முன்னால். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போனால் காபி வருவதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுகிறான். இதுவரை நான்கு வீடுகளில் சொல்லியிருக்கிறான்.