எட்டு ‘கொன்ட்ரோலே’ தொட்டிகள்

1986 பிப்ரவரி 18, மேற்கு ஜெர்மனியின் பான் நகரம்: காலை ஏழு மணிக்கு வெளியே மைனஸ் ஒன்பது டிகிரி.

தாவரவியல் துறையின் கண்ணாடி வீட்டுக்கு கிரிஜா வழக்கமாக ஒன்பது மணிக்குத்தான் வருவாள். அன்று தூக்கம் பிடிக்காமல் முன்னதாகவே வந்துவிட்டாள். சூடு தாங்காத பட்டாணிச் செடி தன்னைக் காத்துக்கொள்ள என்ன புரதங்களை உண்டாக்குகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. சூடேற்றிய செடியின் இலைச்சாற்றை, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓடவிட்டால் ஒரு நீலக் கோடு விழும். ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா வளர்க்கும் செடியில் அது விழக்கூடாது. மூன்று வாரமாக இரண்டிலுமே விழுந்துகொண்டிருந்தது. டியூப்களை மாற்றி வைத்துவிட்டாள் என்று பேராசிரியர் முடிவுகட்டிவிட்டார். மார்ச் பத்துக்குள் சரியான ஜெல் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். திருச்சிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஒப்பிட வைத்திருந்த எட்டுத் தொட்டிகளும் ஹீட்டர் குழாயை ஒட்டி வரிசையாக இருந்தன. அங்கே பெருக்கித் தண்ணீர் ஊற்றும் யாழ்ப்பாணத்து மரியமலர், ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! என்ன பண்றீங்க?”

“ஐயோ, பயந்திட்டன் பிள்ளை. உங்கட செடியளைத்தான் வடிவாக்கிறன். குளிருக்க விறைச்சுப்போய் நிண்டதுகள். ரெண்டு மணித்தியாலம் சூடு காட்டிப்போட்டு, நீங்கள் வாறதுக்கு முதல் எடுத்த இடத்திலேயே வைச்சிடுவன்.”

“தினமுமா?”

“ஓம். ‘கொன்ட்ரோலே’ எண்டு எழுதி ஒட்டியிருக்கிறியளே! எங்கட அகதி விடுதிக்கும் பொலிஸ் கொன்ட்ரோலே வாறது. எல்லாம் துப்புரவா இருந்தால்தான் பேச்சு விழாது. ஆரும் பெரியவர் வந்து பாக்கேக்க உங்களை ஒரு சொல் சொல்லக்கூடாதெண்டு நினைச்சன்.”

கிரிஜாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சிரிப்பு அதை முந்திக்கொண்டது.

“அக்கா, இங்க கொன்ட்ரோலேன்னா செக்கிங் இல்ல. எதுவும் செய்யாம சும்மா விட்டு வைக்கிற செடி.”

“சும்மா விடுறதுக்கு ஒரு பேர், அதுக்கொரு ஒட்டு! நல்ல முசுப்பாத்திதான்.” மரியமலர் துணியைப் பிழிந்து வைத்தாள். “அப்ப என்னாலயோ உங்களுக்குப் பேச்சு விழுந்தது? வாங்கோ, பெரியவரிட்ட நானே சொல்லுறன்.”

தன் அரைகுறை ஜெர்மனில் அவள் சொன்னதைப் பேராசிரியர் கடைசிவரை கேட்டார். பிறகு தானே வந்து குழாயருகே வெப்பமானியை வைத்தார். முப்பத்தொன்பது டிகிரி; செடி அந்தப் புரதத்தை உண்டாக்கப் போதுமான சூடு. டியூப் மாறவில்லை, ஜெல் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது என்று சொல்லி கிரிஜாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவர் போனதும் மரியமலர் கேட்டாள்: “நான் விடியக்காலமை செய்ததை இலை போய்ச் சொல்லிப்போட்டுதோ?”

“ஆமாக்கா. புரதத்துல எழுதி வச்சிருக்கு.”

“வாயில்லாததுகள் எண்டெல்லோ நம்பினன்! இந்தக் கோள்மூட்டியளுக்கு இனி நான் முகம் துடைச்சு விடமாட்டன்.”

அன்றே புது விதை ஊன்றினார்கள். மார்ச் ஆறாம் தேதி எடுத்த ஜெல்லில், சும்மா வளர்ந்த செடிகளின் வரிசையில் நீலக் கோடு இல்லை. கிரிஜாவின் உதவித்தொகை ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.