சம்மட்டி கழுவிய தட்டு

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சம்மட்டி என்று பெயர். வைத்தவன் எதிர் மேசைக்காரன் பஞ்சு. அவன் கழுவிய தட்டில் கிருமிகளுக்குத் தூக்கம்கூடக் கலையாது என்பார்கள். அவள் கழுவினால் பிளாஸ்டிக்கே தேய்ந்துவிடும் என்பார்கள்.

வேலை இருவருக்கும் ஒன்றுதான். சிறுநீர் வெளியேற நோயாளிகளுக்குச் செருகும் குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தட்டின் குழிகளில் போட்டு, நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை ஊற்றி, ஒரு நாள் கதகதப்பில் வைக்க வேண்டும். கிருமி சும்மா இருக்காது. குழாயில் ஒட்டிக்கொண்டு, கோழை போல ஒன்றைச் சுரந்து, அதற்குள் குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் நுழையாது. மறுநாள் மூன்று முறை கழுவினால் ஒட்டாத கிருமி போகும், ஒட்டியது நிற்கும். நின்றதில் ஊதாச் சாயம் ஏற்றி, பிடித்த சாயத்தை ஆல்கஹாலில் கரைத்துக் கருவியில் வைத்தால் எண் வரும். எண் பெரிதானால் படலமும் பெரிது.

எல்லாம் அந்த மூன்று கழுவலில் இருந்தது. தண்ணீரைக் குழியின் ஓரமாக வழியவிட்டால் படலம் நிற்கும். தண்ணீர் பீய்ச்சும் பைப்பெட்டை நேராகப் பிடித்து அழுத்தினால் பிய்ந்துகொண்டு போகும். அவள் கட்டைவிரலுக்கு மெதுவாக அழுத்தத் தெரியவில்லை. அதனால் இரண்டு வருடங்களாகத் தற்காலிகம். நிரந்தரமானால்தான் அப்பாவுக்கு அதே மருத்துவமனையின் பணியாளர் குடும்ப வார்டில் படுக்கை. லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். குழாயால் மூன்று முறை காய்ச்சல் கண்டு, மூன்றாவது முறை மயிரிழையில் தப்பியவர்.

ஒரு நிறுவனம் கிருமி ஒட்டாத பூச்சுப் போட்ட புதுக் குழாயைச் சோதிக்க அனுப்பியது. தலைமை ஆய்வாளர் மேடம் அவளைக் கூப்பிட்டார்.

"பூச்சு போட்டதெல்லாம் நீ கழுவு. சாதா டியூப்பைப் பஞ்சு பாத்துக்கட்டும்."

"நானா மேடம்?"

"உன் கையில நம்பிக்கை இருக்கு."

அன்று மாலை அப்பாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். "அப்ப அந்தக் கிருமிங்கள வேற வீடு பாத்துக்கச் சொல்லு."

பஞ்சுவின் எண் இரண்டு புள்ளி நான்கு. அவளுடையது பூஜ்யம் புள்ளி மூன்று. மேடம் எல்லார் முன்னாலும் அவள் தோளைத் தட்டினார். அன்று யாரும் சம்மட்டி என்று கூப்பிடவில்லை.

மாடிப்படியில் பஞ்சு கேட்டான். "உனக்கு ஏன் குடுத்தாங்கன்னு நெஜமாவே தெரியலயா?"

தெரியவில்லை. படியிறங்கி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. மீந்திருந்த பூச்சுத் துண்டுகளை எடுத்து மறுபடி கிருமி வளர்த்தாள். மறுநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பஞ்சுவைப் போலத் தண்ணீரை ஓரமாக வழியவிட்டுக் கழுவினாள். இரண்டு புள்ளி இரண்டு. ஏறக்குறைய சாதாக் குழாயின் எண்.

எண் எழுதிய தாளை மேடத்திடம் நீட்டினாள்.

"ரிப்போர்ட்ல என்ன இருக்கு? மூணு தடவ கழுவினதா இருக்கு. கழுவினியா?"

"கழுவினேன் மேடம்."

"அப்புறம் இதுல பொய் எங்க இருக்கு?" தாளை மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். கோப்பையின் ஈரம் எண்ணின் மேல் படர்ந்தது. "திங்கக்கிழமை உன் பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடணும். போய்க் கையக் கழுவு, ஊதாவா இருக்கு."

போய்க் கழுவினாள். தாளைத் திருப்பிக் கேட்கவில்லை. திங்கட்கிழமை உத்தரவு வந்தது. அடுத்த வாரம் அப்பா வார்டுக்கு, பன்னிரண்டாம் எண் படுக்கைக்கு வந்தார்.

நான்காவது மாதம் வார்டுக்குப் புதுக் குழாய் வந்தது. எல்லாருக்கும் முந்தி அப்பாவுக்குச் சந்தோஷம். நர்ஸிடம் சொன்னார்.

"எனக்கு அதையே போடுங்கம்மா. எம்பொண்ணு சோதிச்சது."

"பழசே இருக்கட்டும்பா," என்றாள்.

"ஏன்?"

ஒரே வாக்கியம் போதும். அதைச் சொன்னால் வேலை போகும், இந்தப் படுக்கை போகும், அப்பாவின் முகத்தில் இருப்பதும் போகும். படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"பாருங்க நர்ஸம்மா, கூச்சம். தன் பெருமையத் தானே பேச மாட்டா."

நர்ஸ் உறையைக் கிழித்தாள். "பழசுன்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ மாத்தணும். இதுக்கு ரெண்டு மாசம் வரைக்கும் கைய வைக்க வேணாமாம். உங்க ரிப்போர்ட்ட பாத்துத்தான் போட்டிருக்காங்க."

ஆறாவது வாரம் காய்ச்சல் வந்தது. மருந்து மாற்றி மருந்து ஏற்றினார்கள். ஏழாவது வாரம் அப்பா இல்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மேசையில் ஒரு டப்பா இருந்தது. உள்ளே கழற்றிய குழாய். மேலே ஒட்டியிருந்த சீட்டில் படுக்கை எண் பன்னிரண்டு.

மேடம் பின்னால் வந்து நின்றார். "கம்பெனி கேக்குறதுக்குள்ள நல்ல எண் ஒண்ணு வேணும். பஞ்சுகிட்ட குடுத்தா ஊர் முழுக்கச் சொல்லிடுவான். உங்கப்பாவோடது. நீ சொல்ல மாட்ட."

அவள் குழாயை நறுக்கினாள். கழுவினாள். சாயம் ஏற்றி மறுபடி கழுவினாள். பைப்பெட்டை நேராக நிறுத்தி, கட்டைவிரலின் முழு பலத்தையும் போட்டு அழுத்தினாள். மூன்று முறை. ஐந்து முறை. ஏழாவது முறை தண்ணீர் தெளிவாகவே வந்தது. துண்டு மட்டும் கறுப்பாக, கனத்த ஊதாவில் அப்படியே கிடந்தது. ஒரு நாள் வளர்ந்த படலத்தைத்தான் அவள் கை பிய்த்துப் பழகியிருந்தது. இது அப்பாவுக்குள் ஏழு வாரம் வளர்ந்தது.

எதிர் மேசையிலிருந்து பஞ்சு பார்த்தான். சிரிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுத்து," என்றார் மேடம்.

அழுத்தினாள்.