மூன்று பேருக்கு மூன்று துண்டு

பஸ் புத்தூரைத் தாண்டியதும் சம்பத் மறுபடியும் பெண்டாட்டிக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தான்.

"மேனேஜர் கிட்ட திருட்டைப் பத்திப் பேசணும். முதலாளி கிட்ட ஈரத்தைப் பத்திப் பேசணும். முதலாளி சம்சாரம் கிட்ட நீதான் பேசணும். நான் உள்ள போவ முடியாது. இன்னா, புரிஞ்சுதா?"

"திருடறது யாரு மாமா?"

"லாட்ஜுல தங்கறவங்கதான். துண்டைச் சுருட்டிக்கினு போயிடுவாங்கன்னு மேனேஜருக்குப் பயம்."

அம்சவேணி தலையாட்டினாள். ஒரு லாட்ஜுக்குத் துண்டு விற்கப் போகிறவர்கள் மூன்று பேச்சு எதற்குப் பேச வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை. கேட்டும் பார்த்தாள்.

"கண்ணுக்கு ஒரு மருந்து, காலுக்கு ஒரு மருந்து இல்லியா? அது மாதிரி."

"ஒரே ஒடம்புதானே மாமா?"

சம்பத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, அவன் போய்விடுவானோ என்ற பயம்தான். நகரியில் அவர்கள் தெருவில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. பக்கத்து வீட்டுப் பழனி மெட்ராஸ் மில்லுக்குப் போய்விட்டான். போனவன் தீபாவளிக்குக்கூட வரவில்லை. அவன் பெண்டாட்டி இப்போதெல்லாம் குழாயடியில் யாரிடமும் பேசுவதில்லை. 'இந்த லாட்ஜு ஆர்டர் தப்பிப்போனா நானும் பழனி கூடப் போயிடுவேன்' என்று சம்பத் சொல்லியிருந்தான். மில்லில் ஆளுக்கு ஒரு மூலைதான் கொடுப்பார்கள், பெண்டாட்டியைக் கூட்டிப்போக முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தான். அதனால்தான் வாயே திறக்காத அம்சவேணி, மடியில் துணிமூட்டையோடு இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

லாட்ஜ் திருப்பதியில், மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. கட்டியவர் சித்தூரில் பஸ் கம்பெனி வைத்திருக்கும் நாராயணசாமி நாயுடு. இங்கே மேனேஜராக இருந்தவர் குடிபாலாக்காரர் முனிரத்தினம்.

"எந்த ஊரு?"

"நகரிங்க."

"அப்போ நம்ம ஜனம்னு சொல்லு." முனிரத்தினம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆந்திரா, மெட்ராஸ் எல்லையைப் பற்றி விசாரிக்க டெல்லியிலிருந்து ஆள் வந்து போனதிலிருந்து அவருக்கு வேறு பேச்சு இல்லையாம். வாசலில் காவல் இருந்த சண்முகம் முன்கூட்டியே சொல்லியிருந்தான். "சித்தூரு, நகரி, திருப்பதி எல்லாம் மெட்ராஸுக்குத்தான் வரணும். நீ இன்னா சொல்ற?"

"அதுல சந்தேகம் இன்னாங்க? நாளைக்கே சேந்துடுவோம்" என்றான் சம்பத். பிறகு மூட்டையிலிருந்து கெட்டியான, தலைப்பில் சிவப்புக் கோடு போட்ட துண்டை எடுத்து விரித்தான். "இதைத் தோள்ல போட்டுக்கினு ரேணிகுண்டா போனாலும் நம்ம லாட்ஜு துண்டுன்னு ஊரே சொல்லும். எவன் தொடுவான்?"

முனிரத்தினம் கோட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "முதலாளி கிட்ட நான் சொல்றேன்."

அடுத்த நாள் சித்தூர். நாயுடுவின் வீட்டு முன்னறையில் சம்பத் வாயைத் திறந்ததும் அம்சவேணி திரும்பிப் பார்த்தாள். தெலுங்கு. "மேமு ஆந்திரா வாள்ளமே அண்டி", நாங்களும் ஆந்திராதான் என்று, பரம்பரையாக ஆந்திராவுக்கு எழுதிக்கொடுத்தவன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை மூட்டையிலிருந்து வந்தது மெல்லிய துண்டு. காலையில் நனைத்தால் சோறு துன்னு எழுவதற்குள் காய்ந்துவிடும் என்றான். நாயுடு அதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, "பாகுந்தி" என்று மெச்சினார். நேற்று மெட்ராஸ்காரர்களாக இருந்தோம், இன்று ஆந்திராக்காரர்களாக இருக்கிறோம், சாயங்காலம் பஸ் ஏறும்போது யாராக இருப்போம் என்று அம்சவேணிக்குக் குழம்பியது.

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

நாயுடுவின் மனைவி வெங்கடம்மா சமையல்கட்டு வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். லாட்ஜுக்குப் பாத்திரம், பாய், விளக்கு எல்லாம் அவள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். புருஷன் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள் எல்லாம் அம்சவேணியின் நாக்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. அவள் நீளமான வெள்ளைத் துண்டை எடுத்து விரித்து நீட்டினாள்.

வெங்கடம்மா அதை எடுத்துத் தன் தலைமேல் போட்டு இழுத்துப் பார்த்தாள். இடுப்பு வரை வந்தது.

"மலையிலே மொட்டை போட்டுக்கினு வர்ற பொம்பளைங்களுக்கு இதுதான் சரி. குளிச்சிட்டு வெளியே வர்றப்போ தலையும் மூடணும், ஒடம்பும் மூடணும். இது ஆம்பளைங்களுக்குத் தெரியாது. நீ தமிழா, தெலுங்கா?"

"ரெண்டும் பேசுவோம்மா."

"எந்தப் பக்கம் போவீங்களாம்?"

"தெரியலைம்மா."

"எனக்கும் தெரியலைடி. என் பொறந்த வீடு திருத்தணி. அதை அந்தப் பக்கம் தள்ளிடுவாங்கன்றாங்க. அப்புறம் எங்க அண்ணனைப் பாக்க நான் வேற தேசம் போவணுமாம்." இதைச் சொல்லிவிட்டு அவள் துண்டை மடித்துத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் திருப்பதியில் இருப்பார்கள், வந்து ஆர்டர் வாங்கிப் போகலாம் என்று லாட்ஜ் காவலாள் சண்முகத்தை நகரிக்கு அனுப்பிச் சொன்னார்கள். சம்பத் தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தான். "பாத்தியா? மூணு பேரும் சரின்னுட்டாங்க!"

"எந்தத் துண்டுக்கு மாமா?"

"துண்டுக்குத்தான்டி."

வெள்ளிக்கிழமை லாட்ஜ் ஆபீஸில் நாயுடு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வெங்கடம்மா, ஒரு பக்கம் முனிரத்தினம். "மா அந்தரிகி ஒகே துண்டு நச்சிந்தி" என்று ஆரம்பித்த நாயுடு, அம்சவேணியைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "எங்க எல்லாருக்கும் ஒரே துண்டுதான் புடிச்சிருக்கு. அப்படியே நெய்ஞ்சு குடுத்துடுங்க."

"அப்படியேங்க" என்றான் சம்பத்.

"அந்த செவப்புக் கோடு மட்டும் சாயம் போவக்கூடாது" என்றார் முனிரத்தினம்.

"ஏது கோடு?" என்றார் நாயுடு.

"கோடே இல்லியே, வெள்ளைதானே?" என்றாள் வெங்கடம்மா.

ஆளுக்கொன்றாகத் துண்டுகள் மேஜைமேல் வந்து விழுந்தன. கெட்டி, மெல்லிசு, நீளம். மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு கிடப்பது போலிருந்தது. முனிரத்தினம் எழுந்தே விட்டார்.

"இவன் என் கிட்ட மெட்ராஸ்காரன்னு சொன்னானுங்க!"

"என் கிட்ட ஆந்திரான்னான்" என்றார் நாயுடு. "ஏம்ப்பா, உன் ஊரு எதுலதான் கீது?"

சம்பத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தான். அவன் கழுத்தில் வேர்வை இறங்குவதை அம்சவேணி பார்த்தாள். அந்த வேர்வையோடு அவன் மெட்ராஸ் ரயில் ஏறுவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"எங்க ஊரு எதுலன்னு எங்களுக்கே தெரியலைங்க" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "துண்டு மூணும் நாங்க நெய்ஞ்சதுதான். உங்களுக்குள்ள பேசி, இன்னா வேணும்னு ஒரே வார்த்தையா சொன்னீங்கன்னா நெய்ஞ்சு தர்றோம்."

அதுவரை அந்த மூன்று பேரும் தங்களுக்குள் பேசியதே இல்லை போலும். நீளம் வைத்தால் திருட்டுப் போகும் என்றார் முனிரத்தினம். பொம்பளைங்க மானத்தைவிட உங்களுக்குத் துண்டு பெருசா என்றாள் வெங்கடம்மா. கெட்டித் துண்டை எவன் பிழிவான், எங்கே காயவைப்பான் என்று நாயுடு மேஜையைத் தட்டினார். தெலுங்கில் தொடங்கிய வாக்கியம் தமிழில் முடிந்தது, தமிழில் தொடங்கியது தெலுங்கில் முடிந்தது. நெசவாளிகள் இருவரும் சுவரோரம் நின்றதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

கடைசியில் நாயுடு கையைத் தூக்கினார். "துண்டு இவங்க கிட்டதான் வாங்கணும். அதுல பேச்சு இல்ல. எதுன்னு அப்புறம் சொல்றோம்."

"எப்போங்க?" என்றாள் அம்சவேணி.

"அப்புறம்."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்சவேணிதான் முதலில் கேட்டாள்.

"கெடச்சுதா மாமா, இல்லியா?"

"பெரிய மனுசங்க 'அப்புறம்'னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்."

"நம்ம கிட்டதான் வாங்கணும்னாரே?"

"அதுவும் சொன்னாரு." சம்பத் நெற்றியைத் தேய்த்தான். "எனக்கு ஒன்னும் புரியலை அம்சா. நாளைக்கு மெட்ராஸ் போய் பழனி கூடப் பேசிட்டு வந்துடறேன்."

பேசிவிட்டு வருவதாகத்தான் பழனியும் போனான்.

மறுநாள் பொழுது விடியும்போது சம்பத் எழுந்து, துணிப்பையோடு வாசலுக்கு வந்தான். வந்தவன் அப்படியே நின்றான். தறியில் ஏற்ற வேண்டிய நெட்டு நூல், பாவு, தெரு நீளத்துக்கு நீட்டியிருந்தது. வீட்டில் இருந்த நூல் முழுவதையும் இழுத்துக் கட்டிவிட்டு, அம்சவேணி கஞ்சி பூசிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுச் சென்னம்மா நடுவில் இழை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் துண்டுக்குடி பாவு?"

"தெரியலை மாமா. மூணுக்கும் அகலம் ஒன்னுதானே? கோடும் கெட்டியும் குறுக்க ஓடற ஊடையிலதானே வரப்போவுது? நீளம் அறுக்கறப்போ பாத்துக்கலாம்."

"அவங்க வேணாம்னுட்டா?"

"அதுவும் தெரியலை."

கஞ்சி போட்ட பாவை வெயில் ஏறுவதற்குள் தேய்த்துச் சுருட்ட வேண்டும். சுருட்டியது தறியில் ஏறிவிட்டால், அது நெய்து முடிந்து இறங்கும்வரை வீட்டு ஆண்பிள்ளை ஊரைவிட்டு நகரமாட்டான். நகரித் தெருவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, மீறியதும் இல்லை. சம்பத் பையையும் பாவையும் மாறி மாறிப் பார்த்தான். கஞ்சி ஒரு ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. பையை வாசற்படியில் போட்டுவிட்டு, அந்தக் கோடிக்குப் போய் அலகுப் பிரஷ்ஷை எடுத்துப் பாவைத் தேய்க்க ஆரம்பித்தான்.

சென்னம்மா நடுவிலிருந்து கேட்டாள். "அப்போ லாட்ஜு ஆர்டர் கெடச்சிடுச்சின்னு சொல்லு!"

"கெடச்சிடுச்சி" என்றான் சம்பத் அந்தக் கோடியிலிருந்து.

"தெரியலைக்கா" என்றாள் அம்சவேணி இந்தக் கோடியிலிருந்து.