காத்தூனின் தண்ணீர் மண்டபம்

எழுதிப் பழகாத கை இது. பெரிய வீட்டுப் பெண்மணி ஒருவரின் வெட்கத்தைச் சொல்லத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

கெய்ரோவில் அமீர் ஒருவரின் விதவையான மாஹ்தாப் காத்தூன், காய்ச்சலில் பறிகொடுத்த மகன் ரிள்வானின் பெயரால் தெருமுனையில் தண்ணீர் மண்டபம் ஒன்றை எழுப்பினார். நைல் நீர் ஒட்டகங்களில் வந்து நிலவறையில் நிறையும். பித்தளைக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து எவருக்கும் விலையின்றிக் கிண்ணம் நீட்டப்படும். குடிப்பவர்கள் மகனுக்காகக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஒருமுறை ஓத வேண்டும், அவ்வளவுதான்.

அறக்கட்டளைச் சாசனம் எழுதிய அன்று, "பின்னால மாத்துற உரிமையை உங்களுக்குன்னு வச்சுக்கலாமேம்மா" என்றார் நீதிபதியான காஜி.

பெருமிதம் காத்தூனின் கண்ணை மறைத்தது. "வேணாம். நானே நெனச்சாலும் ஒரு எழுத்தைத் தொட முடியாதுன்னு எழுதுங்க."

மகனுக்கான பிரார்த்தனையைத் தம் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்ற ஏக்கம் அவரை விடவில்லை. கோடையில் ஒருநாள், பணிப்பெண்ணின் கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கம்பியோரம் போய் நின்றார். முன்னால் இரண்டு பெண்கள்.

"என்ன உம்மு ஹிலால், தண்ணிக்காரன் பொண்டாட்டியே ஓசித் தண்ணிக்கு வந்துட்டே?"

"சிரிடி, நல்லாச் சிரி. ஓசியில கெடைக்கறப்ப எங்க வீட்டுக்காரர்கிட்ட எவ வாங்குவா? தண்ணி சுமந்த தோல்பையைச் செருப்புத் தைக்கிறவனுக்குப் போட்டாச்சு. நாளைக்கு ஊரைவிட்டே கெளம்பறோம்."

"அந்தக் காத்தூன் மவராசியை நாலு வார்த்தை திட்டிட்டாவது போயேன்."

"புள்ளையப் பறிகொடுத்தவளை என்னத்தைத் திட்ட?" உம்மு ஹிலால் கிண்ணத்தைக் காலி செய்து, உள்ளங்கைகளை விரித்து, நிறுத்தி நிதானமாக ஓதினாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். "நீ குடி அக்கா, வெயில்ல நிக்கிறியே. சும்மா போயிடாத, அந்தப் பையனுக்கு ஓதிட்டுப் போ."

காத்தூனின் விரல்கள் போர்வை விளிம்பைப் பற்றின. முகத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிடலாம். கம்பிக்குள்ளிருந்து நீண்ட கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்கள் தெருவைக் கடந்து மறையும்வரை கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றார்.

வீடு திரும்பியதும், இனி அந்தத் தெருத் தண்ணீர்க்காரர்களைக் கொண்டே நிலவறையை நிரப்ப அனுமதி கேட்டுக் காரியக்காரரைக் காஜியிடம் அனுப்பினார். போனவர் தலைகுனிந்து வந்தார். "சாசனத்துல ஒட்டகம்னுதான் இருக்காம்மா. நீங்களே பூட்டின பூட்டு, நீங்களே தொறக்க முடியாதுங்கறாரு."

அந்தத் தெரு இழந்தவை: தண்ணீர்க்காரர் நால்வரின் பிழைப்பு, விடியலில் வாசல்தோறும் கேட்ட அவர்கள் குரல், உம்மு ஹிலாலின் குடும்பம். காத்தூன் இழந்தது: மகனுக்காக எவர் ஓதினாலும் கூசாமல் ஆமீன் சொல்லும் வாய்.